ராணுவத்துக்கும் கான்ட்ராக்ட் ஆளா? - அம்மா கேட்ட கேள்வியும் ஒரகடத்துத் தம்பியும்

போன ஞாயிற்றுக்கிழமை இரவு. மூன்றாவது தோசைக்குக் காத்திருந்த நேரத்தில் தம்பி போனை என் பக்கம் நீட்டினான். யூடியூபில் ஒரு வீடியோ.

"அக்கா, ஆர்மியில சைபர் ட்ரெயினிங் குடுக்க வெளியாளுங்களைக் கூப்பிடுறாங்களாம். நிஜமா?"

நான் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல். "என்னது, ராணுவத்துக்குமா கான்ட்ராக்ட் ஆளு?"

அம்மா சிரிப்புக்காகச் சொல்லவில்லை. எங்கள் ஊர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். இங்கே 'கான்ட்ராக்ட்' என்ற வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். ஒரகடம் கூட்ரோட்டில் காலை ஷிஃப்ட் நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும். ஒரே கம்பெனி பஸ், ஒரே கேட், பக்கத்துப் பக்கத்து மெஷின். ஆனால், பர்மனென்ட் ஆளுக்கு ஒரு கலர் சட்டை, கான்ட்ராக்ட் ஆளுக்கு வேறு கலர். அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாதவர்தான் கான்ட்ராக்ட் ஆள். என் தம்பியும் அப்படித்தான். டிப்ளமோ முடித்துவிட்டு, உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறான். மூன்றாவது வருடம், மூன்றாவது கான்ட்ராக்ட்.

அம்மாவின் கேள்வியை மறுநாள் ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். இந்த வாரக் கட்டுரை அதிலிருந்து பிறந்ததுதான்.

நிஜமாகவே கூப்பிடுகிறார்களா?

கூப்பிடுகிறார்கள். அதுவும் நம் சென்னையிலேயே.

2025 ஆகஸ்ட் 4 அன்று ராணுவத் தளபதி ஜெனரல் உபேந்திர திவேதி சென்னை ஐ.ஐ.டி-க்கு வந்து 'அக்னிஷோத்' என்ற ராணுவ ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கிவைத்தார். ஆராய்ச்சியோடு சேர்த்து, ராணுவத்தினருக்குப் பயிற்சி தருவதும் அதன் வேலை. சைபர் பாதுகாப்பு, குவான்டம் கம்ப்யூட்டிங், வயர்லெஸ் தொடர்பு, ஆளில்லா விமானம், 3டி பிரின்டிங் வகை உற்பத்தி ஆகியவை பாடப் பட்டியலில் இருக்கின்றன. சொல்லித்தருபவர்கள் சீருடை போடாதவர்கள்.

அதே 2025-ல் பிராந்திய ராணுவம், சென்னை ஐ.ஐ.டி-யோடு கைகோத்து 'டெரியர் சைபர் குவெஸ்ட்' என்ற போட்டியை நடத்தியது. மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பது ஒரு பிரிவு. தகவல் குவியலிலிருந்து விடை தேடுவது இன்னொரு பிரிவு. பிராந்திய ராணுவம் என்றால், வெளியே வேறு தொழில் செய்துகொண்டே நாட்டுக்காகவும் நேரம் ஒதுக்குபவர்களைக் கொண்ட படை. கிரிக்கெட் வீரர் தோனிக்குக் கௌரவ லெப்டினென்ட் கர்னல் பதவி கொடுத்திருப்பது இந்தப் படையில்தான்.

இதற்கு முன்பே 2021-ல், மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகரில் (அம்பேத்கர் பிறந்த ஊர்) இருக்கும் ராணுவத் தொலைத்தொடர்புப் பொறியியல் கல்லூரி, குஜராத்தின் ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'சைன்ய ரணக்ஷேத்திரம்' என்ற ஹேக்கிங் போட்டியை நடத்தியது. முப்படைக்கும் பொதுவான பாதுகாப்பு சைபர் முகமையும் இருக்கிறது. 2019-ல் அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் கடற்படையின் ரியர் அட்மிரல் மோஹித் குப்தா. இந்த முகமை நடத்தும் 'சைபர் சுரக்ஷா' பயிற்சி 2025 ஜூனில் நடந்தபோது, ராணுவத்தினரோடு தேசிய அளவிலான மற்ற அமைப்புகளின் ஆட்களும் கலந்துகொண்டார்கள்.

அதாவது கேட் திறந்துவிட்டது. யாரை உள்ளே விடுவது, எந்த நிபந்தனையில் விடுவது என்பதுதான் இப்போதைய கேள்வி.

அங்கே போய் என்ன சொல்லித்தருவார்கள்?

டிரைவிங் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஆர்.டி.ஓ மைதானத்தில் '8' போடச் சொல்வார்கள் இல்லையா? மெயின் ரோட்டில் போய்க் கற்றுக்கொண்டால் ஆள் மேல் ஏற்றிவிடுவோம் என்பதால்தான் அந்த மைதானம். சைபர் பயிற்சிக்கும் அப்படி ஒரு மைதானம் உண்டு. 'சைபர் ரேஞ்ச்' என்பார்கள். நிஜ நெட்வொர்க் மாதிரியே ஒரு போலி நெட்வொர்க். அதில் போலி மின்நிலையம் இருக்கும், போலி ஆஸ்பத்திரி இருக்கும், போலி ராணுவ அலுவலகமும் இருக்கும்.

சிவப்பு அணி தாக்கும். நீல அணி தடுக்கும். வெள்ளை அணி நடுவராக நின்று மார்க் போடும். வெளியிலிருந்து வரும் நிபுணர்கள் பெரும்பாலும் சிவப்பிலும் வெள்ளையிலும்தான் இருப்பார்கள். நேற்று உலகத்தில் எங்கோ நடந்த தாக்குதலை இன்று மைதானத்தில் திரும்ப நடத்திக் காட்டுவது அவர்கள் வேலை. பயிற்சி முடிந்ததும், "மூணு மணிக்கு இந்த எச்சரிக்கை வந்துச்சு, ஏன் கண்டுக்கலை?" என்று உட்கார்ந்து அலசுவார்கள். உண்மையான படிப்பு அந்த அலசலில்தான் நடக்கிறது.

இதில் உலகத்துக்கே வாத்தியார் மாதிரி ஒரு குட்டி நாடு இருக்கிறது. எஸ்டோனியா. மக்கள்தொகை சுமார் 13 லட்சம்தான். 2007-ல் அந்த நாட்டின் வங்கிகள், பத்திரிகைகள், அரசு இணையதளங்கள் மீது தொடர்ந்து சைபர் தாக்குதல் நடந்தது. அதன் பிறகு அவர்கள் எடுத்த முடிவுகளில் ஒன்று, வங்கியிலும் டெலிகாம் கம்பெனியிலும் வேலை பார்க்கும் நிபுணர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து சைபர் பாதுகாப்புப் பிரிவு அமைத்தது. அதே நாட்டின் தலைநகர் தாலினில் இருக்கும் நேட்டோ மையம், 2010 முதல் 'லாக்டு ஷீல்ட்ஸ்' என்ற மெகா பயிற்சியை நடத்திவருகிறது. தனியார் கம்பெனி ஆட்கள் இல்லாமல் அந்தப் பயிற்சி நடப்பதில்லை.

ராணுவமே ஏன் செய்துகொள்ளக் கூடாது?

நியாயமான கேள்வி. இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, டிரான்ஸ்ஃபர். ராணுவத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாற்றிவிடுவார்கள். ஒருவர் ஒரு நெட்வொர்க்கை நன்றாகப் புரிந்துகொள்ளும் நேரத்தில் வேறு ஊரில் இருப்பார். தாக்குகிறவனுக்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது.

இரண்டாவது காரணம்தான் எங்கள் ஊரைத் தொடுகிறது. இன்றைய தாக்குதல் நேராக ராணுவ முகாம் கதவைத் தட்டுவதில்லை. சப்ளை செய்யும் கம்பெனி வழியாக வருகிறது.

'ஸ்டக்ஸ்நெட்' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2010-ல் வெளியே தெரியவந்த வைரஸ். இரானின் நடான்ஸ் அணுசக்தி மையத்தில் யுரேனியம் செறிவூட்டும் சுழலிகளை வேகம் மாற்றி மாற்றிச் சுழலவைத்துப் பாழாக்கியது. சுமார் ஆயிரம் சுழலிகள் போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. அது குறிவைத்தது சீமென்ஸின் பி.எல்.சி-யை. அதாவது, மெஷினுக்கு 'இப்போ ஓடு, இப்போ நில்' என்று உத்தரவு போடும் சின்னப் பெட்டியை. அந்த மையம் இன்டர்நெட்டோடு இணைக்கப்படவில்லை. அப்புறம் எப்படி உள்ளே போனது? பென் டிரைவ் வழியாகப் பரவக்கூடியதாக அதை எழுதியிருந்தார்கள். முதலில் தொற்றிய ஐந்து இடங்களும், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளோடு தொடர்புள்ள இரானிய நிறுவனங்கள் என்று பின்னர் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

பி.எல்.சி என்றதும் தம்பிக்குக் கண் பளிச்சென்று ஆனது. "அக்கா, நான் தினமும் திறந்து மூடுற பெட்டி அது!"

அவன் மட்டுமில்லை. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வல்லம் வடகால் வரை கார், பைக், டயர், போன் என்று எது செய்யும் கம்பெனியாக இருந்தாலும் உள்ளே பி.எல்.சி ஓடுகிறது. இந்தப் பகுதி இனி பாதுகாப்புத் துறைக்கும் சம்பந்தமான இடம். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் சென்னையும் ஒன்று. வல்லம் வடகால் சிப்காட்டில் ஆளில்லா விமானங்களைச் சோதிக்கும் மையத்துக்காக, கெல்ட்ரான் தலைமையிலான கூட்டமைப்போடு 2024 ஜூலையில் ஒப்பந்தம் போடப்பட்டது. டிரோனுக்கு ஒரு சின்ன பிராக்கெட் செய்துதரும் பட்டறையின் கம்ப்யூட்டரும் இனி நாட்டின் எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது.

ஆக, ராணுவ வகுப்பறைக்குத் தேவைப்படும் ஓர் அறிவு ஷாப் ஃப்ளோரில் இருக்கிறது. ஒரு மெஷின் வழக்கத்துக்கு மாறாக முனகினால் காதிலேயே கண்டுபிடிக்கிற ஆள்தான், 'இது ரிப்பேரா, தாக்குதலா' என்று பிரித்துச் சொல்லக் கற்றுக்கொடுக்க முடியும். அவருக்குச் சைபர் தெரியாமல் இருக்கலாம். சைபர் தெரிந்தவருக்கு மெஷின் தெரியாமல் இருக்கலாம். இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைப்பதுதான் நல்ல பயிற்சி.

வெளியாள் சொன்னால் கேட்போமா?

இங்கே கூடங்குளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2019 அக்டோபர் 28. சைபர் நிபுணர் புக்ராஜ் சிங், கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் புகுந்திருப்பதாக ட்விட்டரில் எழுதினார். முன்பு தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பில் வேலை பார்த்தவர். அப்போது அரசுப் பணியில் இல்லை, வெளியாள். தகவல் தனக்கு இன்னொருவர் மூலம் வந்ததாகவும், செப்டம்பரிலேயே தேசிய சைபர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளருக்குச் சொல்லிவிட்டதாகவும் விளக்கினார். மறுநாள் அணுமின் நிலையத்திலிருந்து வந்தது மறுப்பு. அதற்கு அடுத்த நாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் வைரஸ் இருந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4-ம் தேதியே தகவல் சொல்லியிருந்தது. நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டோடு இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் தொற்று, உலையை இயக்கும் நெட்வொர்க் தனி, அதற்குப் பாதிப்பில்லை என்பது கழகத்தின் விளக்கம்.

நல்லவேளை. ஆனால், மூன்று நாளில் நடந்ததைக் கவனியுங்கள். வெளியாள் எச்சரிக்கிறார். முதல் பதில், 'பொய்'. அடுத்த பதில், 'உண்மைதான்'.

இதை நான் வாசித்துச் சொன்னபோது தம்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். அவன் கம்பெனியில் கேட்டிலேயே எல்லோருடைய போன் கேமரா மேலும் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பென் டிரைவ் கொண்டுபோகக் கூடாது. ஆனால், மெஷின் சப்ளை செய்த வெண்டரின் சர்வீஸ் இன்ஜினீயர் வந்தால் மட்டும் லேப்டாப், பென் டிரைவ் எல்லாம் தாராளமாக உள்ளே போகும். "அவங்களுக்கும் செக் பண்ணலாமே சார்" என்று தம்பி ஒருமுறை சொல்லியிருக்கிறான். "நீ கான்ட்ராக்ட்தானே, உன் வேலையைப் பாரு" என்று பதில் வந்திருக்கிறது. இரண்டு மாதம் கழித்து, அப்படி ஒரு பென் டிரைவ் செருகிய அன்று ஸ்கிரீன் உறைந்து, லைன் நின்றது. பாதி ஷிஃப்ட் போனது. அது தாக்குதல் இல்லை, சாதாரண வைரஸ்தான். ஆனாலும் விளக்கம் எழுதிக் கொடுத்தது யார் தெரியுமா? அன்றைக்கு டூட்டியில் இருந்த கான்ட்ராக்ட் பையன்கள். தம்பியும் எழுதிக்கொடுத்தான். இந்த விஷயத்தை அவன் வீட்டில் சொன்னதே அன்றைக்குத்தான்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. அவன் தட்டில் இன்னொரு தோசை விழுந்தது.

வெளியாளைக் கூப்பிட்டால் மட்டும் போதாது. அவர் சொல்வது மேலே போய்ச் சேர வழி இருக்க வேண்டும். சொன்னதற்காக அவர் மாட்டிக்கொள்ளாத நிலையும் வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் ராணுவத்தின் வகுப்பறையும் எங்கள் ஊர் கேட் மாதிரி ஆகிவிடும். ஸ்டிக்கர் ஒட்டுவோம், ஓட்டையை விட்டுவிடுவோம்.

ஆபத்தும் இருக்கிறதே?

கண்டிப்பாக. எட்வர்ட் ஸ்னோடென் பெயர் ஞாபகம் இருக்கிறதா? 2013-ல் அமெரிக்க உளவு அமைப்பு என்.எஸ்.ஏ-வின் ரகசிய ஆவணங்களை வெளியிட்டவர். அவர் அப்போது அந்த அமைப்பின் நேரடி ஊழியர் இல்லை. பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற தனியார் நிறுவனத்தின் கான்ட்ராக்ட் ஆள். அவர் செய்தது சரியா தவறா என்று உலகம் இன்னும் விவாதிக்கிறது. ஆனால், கான்ட்ராக்ட் ஆளுக்கு எவ்வளவு கதவுகளின் சாவியைக் கொடுப்பது என்று எல்லா நாடுகளும் யோசிக்கத் தொடங்கியதில் அந்தச் சம்பவத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு கோடும் இருக்கிறது. சொல்லித்தருவது வேறு, சண்டை போடுவது வேறு. போர் நடக்கும்போது ஒரு சாதாரணக் குடிமகன் கீபோர்டு வழியாக நேரடியாகச் சண்டையில் இறங்கினால், போர்ச் சட்டம் குடிமக்களுக்குத் தரும் பாதுகாப்பை அந்த நேரத்துக்கு இழக்க நேரிடலாம். உக்ரைன் போரில் ஆயிரக்கணக்கான தன்னார்வ ஹேக்கர்கள் இறங்கியதைப் பார்த்துதான், 2023-ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவைச் சேர்ந்த நிபுணர்கள் 'சிவிலியன் ஹேக்கர்களுக்கு 8 விதிகள்' என்று வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரியைத் தொடாதே, பொதுமக்களின் சொத்தைத் தாக்காதே என்று போகிறது அந்தப் பட்டியல்.

அதனால் ராணுவம் போடும் கான்ட்ராக்டில் சில விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும். நிபுணரின் வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? பயிற்சி மைதானத்தைத் தாண்டி நிஜ நெட்வொர்க்கைத் தொடலாமா, கூடாதா? எந்த லேப்டாப்பைப் பயன்படுத்துவார், வீட்டுக்குப் போகும்போது அதில் என்ன இருக்கும்? அவர் எழுதிய மென்பொருள் யாருக்குச் சொந்தம்? ஓட்டை கண்டுபிடித்தால் யாரிடம், எத்தனை மணி நேரத்தில் சொல்ல வேண்டும்? கான்ட்ராக்ட் முடிந்த அன்று எந்தெந்தக் கதவுகள் மூடப்படும்? இவ்வளவையும் நிபுணரின் பக்கமிருந்தும் பாருங்கள். அவரைக் காப்பாற்றப்போவதும் இதே காகிதம்தான்.

தம்பி தங்கைகளே, ஒரு நிமிஷம்!

இந்தத் துறை பிடித்திருப்பவர்கள் இதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி இல்லாமல் யாருடைய சிஸ்டத்துக்குள்ளும் போகாதீர்கள். 'நல்லதுக்குத்தான் செஞ்சேன்' என்பது பதில் ஆகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அரசு 'பாதுகாக்கப்பட்ட சிஸ்டம்' என்று அறிவித்ததைத் தொட்டால் 70-வது பிரிவு. 10 ஆண்டு வரை போகலாம்.

ஓட்டை கண்ணில் பட்டால் ஸ்டேட்டஸ் போடாதீர்கள். செர்ட்-இன் அமைப்புக்கு முறைப்படி தெரிவிக்க வழி இருக்கிறது. கம்பெனிகளுக்கும் கடமை உண்டு. 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னிடம் சொல்ல வேண்டும்.

அரசோடு ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டால் 1923-ம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வாயைத் திறக்க முடியாது.

ராணுவத்தில் சைபர் வேலை என்று வாட்ஸ்அப்பில் யாராவது பணம் கேட்டால், அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

அம்மாவின் மூன்று கேள்விகள்

எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவின் பொருளாளர். பத்து ரூபாய் வரவென்றாலும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு தம்பியைக் கூப்பிட்டார்.

"போறதுன்னா போ. ஆனா, மூணு விஷயம் கேட்டுக்கோ. கூப்பிடுறது யாரு? எதுக்குக் கூப்பிடுறாங்க? அதை எழுத்துல குடுப்பாங்களா? மூணுக்கும் பதில் வந்தா கையெழுத்து போடு. ஒண்ணு குறைஞ்சாலும் வீட்டுக்கு வந்துடு."

தம்பி இப்போது நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, தூங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் லினக்ஸ் கற்றுக்கொள்கிறான். அடுத்த முறை அந்தப் போட்டி அறிவிக்கப்பட்டால் பதிவு செய்வானாம். ஜெயிப்பானா தெரியாது. ஆனால், ஒரு பென் டிரைவ் ஒரு லைனை எப்படி நிறுத்தும் என்பதை அவனுக்கு யாரும் புத்தகத்திலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்கள் கம்பெனியில் வெளியிலிருந்து வரும் சர்வீஸ் இன்ஜினீயரின் லேப்டாப்பை யாராவது சோதிக்கிறார்களா? கம்பெனி பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் பேசுவோம்.